கொக்கைப் படமெடுக்கக் கூட்டம் கூடும் ஊர்

செகிஞ்சான் வயல் பக்கம் போனவர்கள் யாரும் பெரிய வெண்கொக்கைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்க மாட்டார்கள். அது வாய்க்கால் ஓரத்தில் நிற்கும். நாம் கடந்து போவோம். அதற்கும் நமக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அதே கொக்கைப் படமெடுக்க, இங்கிலாந்தின் தென்மேற்கே சோமர்செட் வட்டாரத்தில், கைக்குழந்தை கனத்தில் லென்ஸைச் சுமந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் விடியற்காலைக் குளிரில் நிற்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் விஷயம் தெரிந்தது. பிரிட்டனில் இந்தக் கொக்கு முதன்முதலாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததே 2012இல்தான். அதுவும் நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்தச் சதுப்பில்தான். நமக்கு அது வயல்காட்டுப் பறவை. அவர்களுக்குப் புதிதாகக் குடிவந்த விருந்தாளி.

பிரிட்டன் என்றால் லண்டன் பாலம், அரண்மனை வாசல், பெரிய மணிக்கூண்டு என்று ஒரு வாரத்தை முடித்துவிடுவது நம் சுற்றுப்பயணிகளின் வழக்கம். மிஞ்சினால் ஸ்காட்லாந்து. நானும் அவற்றையெல்லாம் முன்பே பார்த்தாயிற்று. இந்த முறை பிரிஸ்டல் நகரில் வேலை பார்க்கும் அக்கா மகள், "மாமா, கேமராவை மட்டும் எடுத்துக்கிட்டு நவம்பர்ல வாங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றாள். நவம்பரில் யாராவது இங்கிலாந்துக்குப் போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். படமெடுக்கிறவர்கள் போவார்கள். காரணம் இரண்டு: பனிமூட்டம், பறவை.

சோமர்செட் லெவல்ஸ் என்பது ஏறக்குறைய 650 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டை நிலம். பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான். பக்கத்திலுள்ள கடலோ உலகிலேயே மிக உயரமாக ஏறி இறங்கும் ஓதங்களில் ஒன்றைக் கொண்டது. கடல் ஏறும்போது ஆற்றுநீர் வெளியே போக முடியாமல் திரும்பி நிலத்தில் பரவும். அதனால் ஒரு காலத்தில் இது முழுக்கச் சதுப்பு. நடுநடுவே தீவுகளாகச் சில குன்றுகள். நடுக்காலத்தில் கிளாஸ்டன்பரி மடத்துத் துறவிகள் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கத் தொடங்கினார்கள். இன்றும் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது வேலி அல்ல, வாய்க்கால்தான். உள்ளூரில் அதற்கு 'ரீன்' என்று பெயர். கரையெங்கும் தலைவெட்டிய வில்லோ மரங்கள், முஷ்டியை உயர்த்திய கைகள் மாதிரி வரிசையாக நிற்கும். பனியில் பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

இந்தத் தட்டை நிலத்தின் நடுவே 158 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது கிளாஸ்டன்பரி டோர் என்ற குன்று. உச்சியில் கூரையில்லாத ஒற்றைக் கோபுரம். ஆர்தர் மன்னனின் அவலோன் தீவு இதுதான் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை வைத்து ஊரில் நல்ல வியாபாரமும் நடக்கிறது. ஆனால் வரலாறு கதையைவிடக் கடுமையானது. உச்சியிலிருந்த பழைய தேவாலயம் 1275இல் நிலநடுக்கத்தில் இடிந்தது. பிறகு கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது அந்தக் கோபுரம் மட்டும். 1539இல் எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களை மூடியபோது, கிளாஸ்டன்பரி மடத்தின் கடைசித் தலைவரான வயோதிகத் துறவியை இந்தக் குன்றின் மேல்தான் தூக்கிலிட்டார்கள். அதையும் ஒரு நவம்பர் மாதத்தில் செய்தார்கள்.

இனி பனிமூட்டம்.

நம் ஊரில் பனி பார்க்க வேண்டுமென்றால் கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ ஏறுகிறோம். அங்கே நாம் பார்ப்பது பெரும்பாலும் மலையில் மோதி ஏறும் மேகம். நாம் அதற்குள்ளே நிற்கிறோம். சோமர்செட்டில் நடப்பது தலைகீழ். அங்கே மேகம் நம் காலடியில் படுத்திருக்கும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. நிலம் ஈரமாக இருக்க வேண்டும். முதல் நாள் மழை பெய்திருந்தால் நல்லது. மாலையில் வானம் தெளிந்துவிட வேண்டும். இரவில் காற்று அசையக் கூடாது. மேகம் நிலத்துக்குப் போர்வை மாதிரி. போர்வை விலகினால், பகலில் வாங்கி வைத்த கொஞ்ச நஞ்ச வெப்பத்தையும் நிலம் இரவெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்குமேல் ஈரத்தைத் தாங்க முடியாமல், அதை நுண்துளிகளாக வெளியே தள்ளும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே பள்ளம் தேடி ஓடித் தேங்கும். சுற்றிலும் குன்றுகள், நடுவில் தட்டையான ஈரநிலம் என்றால் வேறென்ன வேண்டும்? விடியும்போது ஒரு பழைய கடல் திரும்பி வந்துவிட்டது போலிருக்கும். டோர் மறுபடியும் தீவாகிவிடும்.

இதை முன்கூட்டியே கணிக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். வானிலை முன்னறிவிப்பில் இரவு வெப்பநிலையும் பனிநிலையும் ஒன்றையொன்று நெருங்குகிறதா, காற்று மிக மெதுவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே நிலக்காட்சிக்காரர்கள் பலருக்கு இது ஒரு நோய். இரவு பத்து மணிக்கு ஒருமுறை, நடுநிசியில் ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலைத் திறந்து நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பிரிட்டிஷ் வானிலை ஆய்வகத்தின் கணக்குப்படி, பார்வை 1,000 மீட்டருக்குக் கீழே போனால்தான் அது 'ஃபாக்'. அதற்கு மேலே தெரிந்தால் வெறும் 'மிஸ்ட்'. தமிழில் இரண்டையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம். வானத்திலிருந்து விழுவதையும் பனி என்கிறோம், புல்நுனியில் உறைந்து கிடப்பதையும் பனி என்கிறோம். பனியே அதிகம் பார்க்காத மக்களுக்கு ஒரு சொல் போதும்தானே.

நம்மவர்களுக்கு நவம்பரில் இன்னொரு வசதி உண்டு. கோடைக்காலத்தில் அங்கே ஐந்து மணிக்கே சூரியன் வந்துவிடும். படமெடுக்க மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். நவம்பர் நடுவில் சூரியன் எழுவது காலை 7.20 வாக்கில். ஏறக்குறைய நம் ஊர் நேரம்தான். ஆனால் மாலை 4.20க்கெல்லாம் மறைந்துவிடும். நடுவே ஒன்பது மணி நேரம். அதுவும் சூரியன் தலைக்கு மேல் ஏறவே ஏறாது. நாள் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம். மலேசியாவில் காலை ஒன்பது மணிக்குமேல் கேமராவை உறையில் போட்டுவிடும் எனக்கு, மதியம் பன்னிரண்டு மணிக்கு நீண்ட நிழல் விழுந்ததைப் பார்த்ததே திருவிழா.

டோர் உச்சிக்கு ஊரிலிருந்து நடந்தே ஏறிவிடலாம். பாதை போட்டிருக்கிறார்கள். ஆனால் டோரிலிருந்து எடுத்தால் டோர் படத்தில் வராதே! அதனால் பலர் வடக்கே மெண்டிப் குன்றுகளில் உள்ள டியர் லீப் என்ற இடத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் முழுச் சமவெளியும் கீழே விரிந்து கிடக்கும். தூரத்தில் கோபுரம் ஊசிமுனை போலத் தெரியும். அக்கா மகள் முதல் நாள் அங்கேதான் காரை விட்டாள். இருட்டில் வேலிக்கதவைத் திறந்து உள்ளே போனோம். ஆடுகள் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டன. கிழக்கே ஒரு கோடு ஆரஞ்சு நிறம். கீழே ஒன்றுமே இல்லை. வெறும் சாம்பல்.

பிறகு மெல்லத் தெரியத் தொடங்கியது. சாம்பல் நிறம் நீலமானது. நீலத்தில் மரங்களின் தலைகள் மட்டும் கறுப்புப் புள்ளிகளாக எழுந்தன. ஏதோ ஒரு ஊரின் தேவாலயக் கோபுரம் நுனியை மட்டும் காட்டியது. சூரியன் வந்ததும் பனியின் மேற்பரப்பு முழுக்க இளஞ்சிவப்பாகி, அலையடிப்பது போல மெதுவாக நகர்ந்தது. கீழே எங்கோ ஒரு டிராக்டரின் சத்தம். அந்தப் பனிக்குள்ளே மனிதர்கள் எழுந்து, பல் துலக்கி, பசுக்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோதுதான் காட்சி எனக்குச் சொந்தமானது. அரை மணி நேரம்தான். சூரியன் சூடேற்றியதும் பனி மேலெழும்பிக் கலைந்து, எல்லாம் வெறும் வெள்ளையாகி, பிறகு சாதாரணப் புல்வெளியாகிவிட்டது.

கேமரா பிடிக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கேமராவின் ஒளிமானி பனியைப் பார்த்தால் ஏமாறும். வெள்ளையாக எதைக் கண்டாலும் அதைச் சாம்பலாக்குவது அதன் புத்தி. அதனால் ஒளியளவை முக்கால் முதல் ஒன்றரை நிறுத்தம்வரை கூட்டி வைக்க வேண்டும். அகலக்கோண லென்ஸைவிட, 100 முதல் 400 மில்லிமீட்டர்வரையுள்ள நீள லென்ஸே பனிக்கு உகந்தது. மர வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி, ஒவ்வொன்றும் ஒரு சாயல் வெளிறிக் காட்டும். தானியங்கிக் குவியம் பனியில் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். கோபுர விளிம்பையோ மரத்தின் ஓரத்தையோ காட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகு கையால் பூட்டிவிடுங்கள். நம் ஊரில் குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் வியர்க்கும். அங்கே நேர் எதிர். வெளியே குளிரில் கிடந்த கேமராவை வெதுவெதுப்பான காருக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும். பைக்குள் மூடியே வைத்து, மெதுவாகச் சூடேற விட வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். உபரி பேட்டரியைச் சட்டைப் பைக்குள், உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

இன்னொன்று. கணினியில் பனியை ஊதாவாகவும் பொன்னாகவும் மாற்றி வெளியிடுகிற பழக்கம் அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. பனியின் அழகே அது எதையும் முழுதாகச் சொல்லாததுதான். அதற்கு உதட்டுச்சாயம் பூச வேண்டியதில்லை.

மதியத்துக்குமேல் ஹாம் வால் சதுப்புக்குப் போனோம். அதையும் அதன் பக்கத்திலுள்ள ஷாப்விக் ஹீத்தையும் இணைப்பது 1966இல் மூடப்பட்ட ஒரு பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதையாக்கியிருக்கிறார்கள். இருபுறமும் தண்ணீர், நாணல், மறுபடியும் தண்ணீர். கண்ணுக்கெட்டிய தூரம் ஆதிகாலக் காடு மாதிரி இருக்கிறது. ஆனால் அப்படி இல்லை. எனக்கு அந்த இடத்தில் மிகவும் பிடித்த சங்கதியே இதுதான்: அந்த ஏரிகள் எல்லாம் மனிதன் தோண்டிய குழிகள்.

சதுப்பில் செத்து விழும் செடிகொடிகள் நீரில் மூழ்கிக் கிடப்பதால் முழுதாக மக்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகப் படிந்து கறுப்பு மண்ணாகின்றன. 'பீட்' என்ற இந்தக் கரிமண்ணைப் பழங்காலத்தில் செங்கல் போல வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் இயந்திரம் வைத்து அள்ளி, தோட்டக்காரர்களுக்குப் பூந்தொட்டி மண்ணாகப் பைபையாக விற்றார்கள். அள்ளி முடித்த இடங்களில் மிஞ்சியது பெரிய பெரிய கறுப்புப் பள்ளங்கள். நம் ஈயக்குட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தைப்பிங் ஏரிப் பூங்கா ஈயம் தோண்டிய குழியில் உருவானது போல, இங்கே கரிமண் குழியில் சதுப்பு உருவானது. 1994 முதல் ஹாம் வாலில் பறவைப் பாதுகாப்புச் சங்கம் அந்தப் பள்ளங்களில் நீரைத் தேக்கி, நாணலை நட்டு வளர்த்தது.

எதற்காக? பிட்டர்ன் என்ற ஒரு பறவைக்காக. நம் இலக்கியத்தில் வரும் குருகின் இனம் என்று வைத்துக்கொள்ளலாம். நாணல் நிறத்திலேயே உடம்பு. ஆபத்து வந்தால் அலகை வானத்தை நோக்கி நிமிர்த்தி நாணலோடு நாணலாக நின்றுவிடும். 1997இல் பிரிட்டன் முழுவதும் தேடியதில் குரல் கொடுத்த ஆண் பிட்டர்ன்கள் 11தான். வசந்த காலத்தில் அதன் குரல், காலிப் பானை வாயில் ஊதியது போல, கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். இன்று அந்தக் குரல் அதிகம் கேட்கும் இடங்களில் ஹாம் வாலும் ஒன்று. பிட்டர்னுக்காகச் செய்த வீட்டில் கொக்குகள் தாமாகவே வந்து குடியேறின. இன்னும் தெற்கே, வெஸ்ட் செட்ஜ்மூர் என்ற புல்வெளியில், 1600 வாக்கில் பிரிட்டனிலிருந்து மறைந்துபோன கிரேன் எனும் பெரும்பறவையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து பொரிக்க வைத்து, குஞ்சுகள் மனிதரைப் பெற்றோராக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகப் பறவை போல உடையணிந்தவர்கள் அவற்றுக்கு இரை ஊட்டினார்கள். 2010 முதல் 2014வரை இப்படி 93 பறவைகளை விட்டார்கள்.

அவலோன் மறைகுடிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மரத்தாலான அறை, கேமராவை நீட்ட நீளமான திறப்புகள். உள்ளே கோயில் மௌனம். யாராவது பேசினால் காதோடு காதாகத்தான். எனக்கு முன்னே உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், நான் எம்பி எம்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து தன் இடத்தைக் காட்டினார். "தேங்க் யூ" என்றேன். விரலால் நாணல் ஓரத்தைச் சுட்டினார். மார்ஷ் ஹாரியர் என்ற சதுப்புப் பருந்து, நாணலுக்கு மேலே அடி உயரத்தில், காற்றில் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது. அந்த வரிசையில் எங்கள் இருவரைத் தவிர நம் நிறத்தவர் யாருமில்லை. ஆனால் அங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் வெளியே.

பறவையைப் படமெடுக்க ஒளிந்துகொள்வது பிரிட்டிஷ்காரர்களின் பழைய கலை. யார்க்ஷயரைச் சேர்ந்த கியர்டன் சகோதரர்கள் 1895இல் வெளியிட்ட பறவைக்கூடுகள் பற்றிய புத்தகம்தான், முழுக்க நிழற்படங்களாலேயே விளக்கப்பட்ட முதல் இயற்கை நூல் என்பார்கள். அண்ணன் எழுத, தம்பி படமெடுப்பார். பறவைகளை ஏமாற்ற, பாடம் செய்த மாட்டின் தோலுக்குள்ளே ஆள் புகுந்து நின்றதுகூட உண்டு. எரிக் ஹோஸ்கிங் என்பவர் 1937இல் கூட்டருகே ஆந்தை தாக்கி இடக்கண்ணை இழந்தார். அதற்குப் பின்னும் பல்லாண்டுக் காலம் ஒற்றைக் கண்ணோடு பறவைகளையே எடுத்தார், ஆந்தைகளையும் விடவில்லை. இன்று சட்டம் மாறிவிட்டது. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, மீன்கொத்தி, கூகை, பிட்டர்ன் போன்ற பட்டியலிட்ட பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்வது குற்றம். கூட்டில் படமெடுக்க முன்கூட்டியே உரிமம் வாங்க வேண்டும். நம் மீன்கொத்தியை வாய்க்கால் கம்பியில் தினமும் பார்க்கிறவர்களுக்கு இது வினோதமாகத் தோன்றலாம்.

மூன்றரை மணிக்கு ரயில் பாதையில் கூட்டம் சேரத் தொடங்கியது. பாட்டி, பேரன், தெர்மோஸ் குடுவை, மடக்கு நாற்காலி. எல்லாரும் ஸ்டார்லிங் பறவைகளுக்காக. ஸ்டார்லிங் நம் மைனாவின் சொந்தக்காரன், ஒரே குடும்பம். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாலையில் சாலையோர மரத்தடியில் காரை நிறுத்தியவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் குணம் நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் வடக்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கில் வந்து, உள்ளூர்ப் பறவைகளோடு சேர்ந்து, இந்த நாணலில் இரவு தங்குகின்றன. தங்கும் இடத்தை அடிக்கடி மாற்றும். நேற்று எங்கே இறங்கின என்று சொல்வதற்கென்றே ஒரு தொலைபேசிச் சேவை வைத்திருக்கிறார்கள்!

முதலில் இருபது, முப்பது. வேறொரு திசையிலிருந்து நூறு. பிறகு எண்ண முடியவில்லை. சேர்ந்த கூட்டம் வானத்தில் ஒரே உடம்பாகத் திரும்பியது. விரிந்தது, சுருங்கியது, நடுவில் கறுத்தது, ஓரத்தில் புகையாய் மெலிந்தது. பருந்து ஒன்று நுழைந்ததும் கூட்டம் இரண்டாகக் கிழிந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. ரோம் நகரில் இப்படிப் பறக்கும் கூட்டங்களைப் பல கேமராக்களால் ஒரே நேரத்தில் படமெடுத்து, இத்தாலிய ஆய்வாளர்கள் 2008இல் ஒரு விடை சொன்னார்கள். தலைவன் என்று யாரும் கிடையாது. ஒவ்வொரு பறவையும் தனக்கு அடுத்துள்ள ஆறேழு பறவைகளை மட்டும் கவனிக்கிறது. அந்த ஆறேழின் வழியாகச் செய்தி முழுக் கூட்டத்துக்கும் பரவிவிடுகிறது. தலைக்கு மேலே வந்தபோது சிறகடிக்கும் ஓசை மழை வருவது போலக் கேட்டது. நிஜமாகவே கொஞ்சம் மழையும் விழுந்தது. தொப்பி போட்டிருந்தவர்கள் புத்திசாலிகள்.

வெளிச்சம் மிகக் குறைவு. விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகம் வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தயங்காமல் உயர்த்த வேண்டியதுதான். இருபது படம் எடுத்துவிட்டு நான் கேமராவை இறக்கிவிட்டேன். சட்டென்று யாரோ குழாயைத் திறந்தது போல முழுக் கூட்டமும் நாணலுக்குள் கொட்டி மறைந்தது. அப்புறம் ஒரே கூச்சல். அதுவும் மைனாக் கூச்சல்தான்.

இவ்வளவு லட்சத்தைப் பார்த்தவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். பிரிட்டனில் ஸ்டார்லிங் ஆபத்துப் பட்டியலின் சிவப்புப் பிரிவில் இருக்கிறது. 1970களிலிருந்து அங்கே அதன் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. நாம் பார்ப்பது மிச்சம்.

இந்தச் சதுப்பைப் பற்றி எல்லாரும் ஒரே குரலில் பேசுவதாகவும் நினைத்துவிட வேண்டாம். 2014 தொடக்கத்தில் லெவல்ஸில் பெருவெள்ளம். மச்சல்னி கிராமம் வாரக்கணக்கில் தீவாகக் கிடந்தது, படகில்தான் போக்குவரத்து. பறவைக்குக் காட்டும் அக்கறையை ஆற்றைத் தூர்வாருவதில் காட்டியிருக்கக் கூடாதா என்று விவசாயிகள் கொதித்தார்கள். பிறகு தூர்வாரவும் செய்தார்கள். நீரை எங்கே வைப்பது, எங்கே வடிப்பது என்ற அந்தச் சண்டை துறவிகள் காலத்திலிருந்து தொடர்கிறது. வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்களிடம் போய்ப் பனியின் அழகைப் பேச முடியாது.

ஷாப்விக் ஹீத்தில், நடைபாதைக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பாதை புதைந்திருக்கிறது. 1970இல் வாய்க்கால் தூர்வாரிய ஒரு கரிமண் தொழிலாளி கண்டுபிடித்தது. அவர் பெயராலேயே ஸ்வீட் பாதை என்கிறார்கள். சதுப்பைக் கடக்கக் கற்கால மனிதர்கள் போட்ட மரப்பலகைப் பாதை அது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, கி.மு. 3807 – 3806 குளிர்காலத்தில் வெட்டிய மரங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஈரக் கரிமண்ணுக்குள் இருந்ததால்தான் ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகள் அது அழியவில்லை. காய்ந்தால் உளுத்துப்போகும். அதனால் அந்த இடத்துக்கு இன்றும் நீர் இறைத்து மண்ணை நனைத்து வைக்கிறார்கள்.

அந்தப் பலகையைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் புகைமூட்டம்தான் நினைவுக்கு வந்தது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிவது இதே கரிமண். வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, காயவைத்து, தோட்டம் போடுகிறார்கள். காய்ந்த கரிமண்ணில் தீப்பிடித்தால் மேலே அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். 1997, 2015, 2019 ஆண்டுகளில் நாம் முகமூடி போட்டுக்கொண்டதும், பள்ளிக்கூடங்களை மூடியதும் அதனால்தான். நம் வட சிலாங்கூரிலும் இதே மண் இருக்கிறது. அங்கேயும் தீ எழுந்ததுண்டு. ஈரமாக இருந்தால் காலையில் பனி; காய்ந்துவிட்டால் நாளெல்லாம் புகை. தூரத்திலிருந்து படம் எடுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் விழும். 2015இல் என் வீட்டு மாடியிலிருந்து எடுத்த ஒரு படத்தை அக்கா மகளிடம் காட்டினேன். "இதுவும் சோமர்செட்டா மாமா?" என்று கேட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: லண்டன் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ரயில், அங்கிருந்து வெல்ஸ் வழியாக கிளாஸ்டன்பரிக்கு 376ஆம் எண் பேருந்து. ஆனால் விடியற்காலையில் குன்றேற வேண்டுமென்றால் கார்தான் சரி. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். சுற்றுப்பயணியாகப் போகிறவர் நம் ஓட்டுநர் உரிமத்தோடு 12 மாதம்வரை ஓட்டலாம். கிராமச் சாலைகள் மிகக் குறுகலானவை, ஓரத்தில் வாய்க்கால் வேறு. பனியில் நிதானம் வேண்டும். ஸ்டார்லிங் பார்க்க வார இறுதியைத் தவிருங்கள். நிறுத்துமிடம் நிறைந்து, சாலையோரப் புல்லில் காரை ஏற்றி நிறுத்தும் கூட்டத்தால் உள்ளூர்க்காரர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். ரப்பர் காலணி கட்டாயம். விரல்நுனி திறக்கும் கையுறை இருந்தால் புண்ணியம். டோர் நேஷனல் டிரஸ்டுக்குச் சொந்தமானது. அவர்கள் இடத்திலிருந்து அனுமதியின்றி டிரோன் பறக்கவிடக் கூடாது.

கடைசி நாள் காலை பனியே இல்லை. தூறல். ஹாம் வாலில் தொண்டூழியர்கள் நாணலை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அறுக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் புதர் மண்டி, சதுப்பு தானாகக் காடாகிவிடுமாம். இடுப்பளவு சேற்றுக்கால்சட்டையோடு ஒரு அம்மாள், அறுபதைத் தாண்டியவர், கட்டைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தார். கரையில் பெரிய வெண்கொக்கு ஒன்று அவரைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் மீன் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் படத்தில் வெளிச்சமும் இல்லை, நிறமும் இல்லை. ஆனால் கொண்டுவந்த எழுநூறு படங்களில் அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன்.

ஏப்ரலில் பிட்டர்ன் குரல் கொடுக்கும் என்று அக்கா மகள் இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள்.